கட்டைவிரல் ரேகையும் சுயமரியாதையும்

(கோபிசெட்டிபாளையத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் "சர்க்காரும் தனி மனிதன் சுதந்திரமும்" என்பதாகும். இம்மாதிரிக் கூட்டங்களில் சாமியைப் பற்றியும், சாஸ்திரத்தைப் பற்றியும், ஜாதியைப் பற்றியுமே கேட்டுப் பழகிய உங்களில் சிலருக்கு, இது என்ன புது விஷயம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாமியின் பேரால் ஒரு காரியத்தைச் செய் என்று புரோகிதன் சொன்னால், "காரணம் என்ன?" என்று கேட்கின்றோம். "பந்தோபஸ்து" என்ற பேராலும், "உன் நன்மைக்காகத்தான்" என்ற பேராலும் ஒரு காரியத்தைச் செய் என்று சர்க்கார் சொன்னால், அதே கேள்வியைக் கேட்க நமக்கு ஏன் வாய் வருவதில்லை? சர்க்கார் என்ன வானத்தில் இருந்து குதித்ததா? நாம் வரி கொடுத்துச் சம்பளம் போட்டு வைத்திருக்கின்ற ஸ்தாபனம்தானே அது?

விஷயம் பெரியது. அதனால் உடம்பில் ஒரே ஒரு உறுப்பைப் பற்றி மாத்திரம் இன்று பேசுவதாக உத்தேசம். அது உங்கள் கட்டைவிரல்.

கட்டைவிரலில் மை தடவி ரேகை வாங்குகின்ற வழக்கம் எங்கே பிறந்தது தெரியுமா? இங்கிலாந்தில் பிறந்ததாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. 1858-ஆம் வருஷத்தில் வங்காளத்து ஜங்கிபூரில், ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார உத்தியோகஸ்தர், ரோட்டுக்குச் சாமான் கொடுக்க ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு ஆசாமியின் உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்துக் காகிதத்தில் பதித்தார். "கையெழுத்து என்னுடையதல்ல" என்று பிற்பாடு அந்த ஆள் சொல்லாதபடி பயமுறுத்தி வைப்பதற்காகவே அப்படிச் செய்ததாக அவரே பின்னாளில் எழுதியும் இருக்கிறார். ஆரம்பமே பயமுறுத்தல்தான் என்பதைக் கவனியுங்கள். பிறகு 1897-இல் கல்கத்தாவில் ரேகை ஆபீஸ் ஏற்பட்டது. லட்சக்கணக்கான ரேகைகளை இனம் பிரித்துத் தேடி எடுக்கும் கணக்கு முறையைக் கண்டுபிடிக்க உழைத்தவர்கள் அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியச் சிப்பந்திகள். ஆனால் அம்முறைக்கு வழங்குகின்ற பெயரோ அவர்களுடைய மேலதிகாரியாகிய ஹென்றியின் பெயர். (உழைக்கிறவன் ஒருவன், பேர் எடுக்கிறவன் ஒருவன் என்பது நமக்குப் புதிதா என்ன?) அந்த ஹென்றி 1901-இல் லண்டனுக்குப் போய் ஸ்காட்லாந்து யார்டு போலீசில் அதை ஸ்தாபித்தார். ஆகவே முதலில் அடிமை நாட்டானிடம் பழகிப் பார்த்துவிட்டுப் பிறகுதான் சொந்த நாட்டுக் குற்றவாளியிடம் பிரயோகித்தார்கள்.

இந்தப் பாதையை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு சங்கதிதான். எந்த அடக்குமுறை அதிகாரமும் முதலில், கேட்க நாதியில்லாதவன் தலையில் வைத்துப் பழகப்படுகின்றது. மற்றவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான். பிறகு அது அவன் வீட்டுக்கும் வருகின்றது.

பிறவிக் குற்றவாளி

1871-இல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தது. 1911-இல் அதைத் திருத்தி நம் சென்னை மாகாணத்திலும் நடத்த ஆரம்பித்தார்கள். அந்தச் சட்டத்தின் யோக்கியதையைக் கேளுங்கள். ஒரு ஜாதியை, அல்லது ஒரு கூட்டத்தை, "குற்றப்பரம்பரை" என்று மாகாண சர்க்கார் கெஜட்டில் ஒரு விளம்பரம் போட்டால் போதும். அந்த விளம்பரம் சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்கக் கூடாது. பேர் பதிய வேண்டும். ரேகை கொடுக்க வேண்டும். சொன்ன வேளையில் ஆஜராக வேண்டும். வெளியூர் போனால் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். மதுரைப் பக்கத்தில் அதற்கு ராதாரிச் சீட்டு என்று பேர். பல ஊர்களில் வயது வந்த ஆண்பிள்ளைகள் பெண்டு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு ராத்திரியில் போலீஸ் பார்வையில் போய்ப் படுத்துக் கிடந்தார்கள். அவன் என்ன திருடினான்? ஒன்றும் திருடியிருக்க வேண்டியதில்லை. அந்த ஜாதியில் பிறந்தான், அவ்வளவே.

இச்சட்டத்துக்கு ஆதரவாகப் பேசிய வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்றால், "இந்தியாவில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. ஆகையால் திருடன் மகனும் திருடனாய்த்தான் இருப்பான்" என்கின்ற தோரணையில் சொன்னார்கள். தோழர்களே! இது எந்த சாஸ்திரம்? வெள்ளைக்காரன் தன் நாட்டில் இருந்து கொண்டுவந்த சாஸ்திரமா? மனுதர்மம்தானே இது! பார்ப்பானுக்குப் பிறந்தால் பூஜிக்கத்தக்கவன், பறையனுக்குப் பிறந்தால் தீண்டத்தகாதவன், குறவனுக்குப் பிறந்தால் திருடன். வருணாசிரமத்தைப் பீனல் கோடாக மாற்றி எழுதினான் வெள்ளைக்காரன். எழுத மசி எடுத்துக் கொடுத்தது நம்முடைய பழக்க வழக்கம்.

குறவர்கள் கதையைச் சொல்லுகின்றேன். அவர்களில் பெரும்பாலார் கடற்கரையில் இருந்து உப்பை மாட்டின் மேலும் கழுதையின் மேலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, அதற்குப் பதில் தானியம் வாங்கிக்கொண்டு போய்ப் பிழைத்தவர்கள். ரயில் வந்தது, உப்பைச் சர்க்கார் தன் கைக்குள் போட்டுக்கொண்டது. பிழைப்புப் போயிற்று. பிழைப்புப் போனவன் ஊர் ஊராய் அலைந்தான். அலைகிறவனைக் கண்டு "இவன் திருடத்தான் அலைகிறான்" என்று எழுதி வைத்தார்கள். அவன் பிழைப்பைக் கெடுத்தவன் பேர் எந்த ரிஜிஸ்தரில் ஏறிற்று?

1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள பெருங்காமநல்லூருக்குப் பிரமலைக் கள்ளர்களிடம் ரேகை வாங்கப் போலீஸ் பட்டாளம் போயிற்று. ஜனங்கள் அந்தச் சட்டத்துக்கு வைத்த பேரே கைரேகைச் சட்டம் என்பது. நாங்கள் குடியானவர்கள், விரலைக் கொடுக்க மாட்டோம் என்று ஊர் மறுத்தது. சுட்டார்கள். ஊரார் கணக்கில் 16 உயிர் போயிற்று. அதில் ஒரு பெண்பிள்ளையும் உண்டு, பேர் மாயக்காள். ஒரு விரல் ரேகைக்காகப் பதினாறு உயிர்!

அன்றைக்கு நம் பக்கத்து ஊர்களில் பண்ணையக்காரர்களும், மண்டிக்காரர்களும், வக்கீல்களும் இதைப்பற்றி என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "அவனுக்கு அப்படித்தான் வேணும், நம்ம பட்டியில் ஆடு தப்பும்" என்றுதான் அநேகர் இருந்துவிட்டார்கள். கசப்பாய் இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நிற்க, அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், தேசம் முழுவதிலும் 1952 ஆகஸ்டு 31-ந் தேதியும் ஒழிந்தது என்பது உண்மை. சீர்மரபினர் என்று மரியாதையான பேரும் கொடுத்தார்கள். ஆனால் 1948-லேயே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று வேறொன்று சென்னையில் தயாராய்விட்டது. ஜாதியின் பேரை எடுத்துவிட்டு ஆளின் பேரைப் போட்டார்கள். அதாவது தேர் மாறிற்று, சாமி மாறவில்லை. நம் நாட்டுச் சிறைச்சாலை விதிப்புத்தகங்களில் இந்த ஜாதியார்களைப் பிறவிக் குற்றவாளிகளாகவே நடத்தும் விதிகள் இருந்ததும், ஜெயிலுக்குள்ளும் ஜாதியைப் பார்த்து வேலை கொடுத்ததும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன தேதி என்ன தெரியுமா? 2024 அக்டோபர் 3. சுதந்திரம் வந்து 77 வருஷத்துக்குப் பிறகு!

வெள்ளைக்காரன் வீட்டிலும் அதே கதை

இனி இங்கிலாந்துக்குப் போவோம். சுதந்திரத்துக்குப் பிறப்பிடம் தங்கள் தேசம்தான் என்று பெருமை பேசுகிறவர்கள் அவர்கள். 1939-இல் யுத்தம் வந்ததும், ஒவ்வொரு பிரஜையும் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். சொன்ன காரணம் மூன்று: பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது, பந்தோபஸ்து, ரேஷன். யுத்தம் 1945-இல் முடிந்தது. சீட்டு முடிந்ததா? இல்லை. 1950-இல் கணக்குப் பார்த்தபோது 39 சர்க்கார் இலாகாக்கள் அந்த ஜாபிதாவை உபயோகித்துக் கொண்டிருந்தன. மூன்று முப்பத்தொன்பது ஆயிற்று! அந்த வருஷம் டிசம்பரில் லண்டனை அடுத்த பின்ச்லியில் வில்காக் என்ற ஒரு சலவைக் கம்பெனி மேனேஜர் மோட்டாரில் போகும்போது போலீஸ்காரர் நிறுத்திச் சீட்டைக் காட்டு என்றார். காட்டமாட்டேன் என்றார் வில்காக். கேஸ் மேல் கோர்ட்டுக்குப் போயிற்று. சட்டப்படி குற்றம்தான், ஆனால் தண்டனை இல்லை என்று முடிந்தது. யுத்தத்துக்கென்று செய்த சட்டத்தைச் சமாதான காலத்தில் இப்படி நடத்துவது நல்ல பிரஜையையும் குற்றவாளியாக்கும் என்று பிரதம நீதிபதி காட்டார்டு கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அந்தச் சீட்டே ஒழிக்கப்பட்டது.

பிறகு 2006-இல் மறுபடியும் ஒரு அடையாளச் சீட்டுச் சட்டம் செய்தார்கள். 2010-இல் அடுத்து வந்த மந்திரி சபை அதை ரத்து செய்து, ஜாபிதா அடங்கிய வட்டுகளை 2011-இல் மெஷினில் போட்டுத் தூளாக்கினார்கள். 2025 செப்டம்பரில் கைப்போன் வழியாக இன்னொரு அடையாளத் திட்டம் என்று வேறொரு மந்திரி சபை அறிவித்தது. பேயை ஓட்டிவிட்டோம் என்று எந்த தேசத்தாரும் கதவைத் திறந்துபோட்டுத் தூங்க முடியாது போலிருக்கிறது.

இன்னொரு உதாரணம். அதே யுத்த காலத்தில் விசாரணையின்றி யாரையும் பிடித்து வைக்க 18-பி என்ற விதி இங்கிலாந்தில் செய்யப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அப்படி அடைத்தார்கள். அதை நடத்திய உள்நாட்டு மந்திரி சர் ஜான் ஆண்டர்சன். அவர் அதற்கு முன்னால் எங்கே உத்தியோகம் பார்த்தார் என்றால், 1932 முதல் 1937 வரை வங்காளத்தில் கவர்னர்! வங்காளத்து வாலிபர்களை விசாரணையின்றி அடைத்து வைத்துப் பழகிய கை அது. அதே கை தன் சொந்த ஜனங்கள் மேலும் விழுந்தது. லிவர்சிட்ஜ் என்பவர் வழக்குப் போட்டார். மந்திரி நியாயமான காரணம் இருக்கிறது என்று சொன்னால் போதும், கோர்ட்டு உள்ளே புகுந்து பார்க்காது என்று 1941-இல் அங்குள்ள உச்ச நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆட்கின் பிரபு ஒருவர் மாத்திரம் மறுத்தார்.

அந்தத் தீர்ப்பு கப்பலேறி மறுபடியும் இங்கே வந்தது என்பதுதான் வேடிக்கை. 1975 ஜூன் 25-இல் இந்திரா காந்தி அம்மையார் அவசர நிலை கொண்டுவந்தார். 1976 ஜனவரி 31-இல் தமிழ்நாட்டு மந்திரி சபை கலைக்கப்பட்டது. மிசாவில் அடைபட்டவர்கள் சென்னைச் சிறையில் அடிபட்டதும், சிட்டிபாபு அவர்கள் உயிர் போனதும் உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஏப்ரலில் நம் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், பிடித்து வைத்தது சரியா என்று கேட்கக்கூட அவசர காலத்தில் பிரஜைக்கு வழியில்லை என்றார்கள். ஆதாரம் தேடியபோது கைக்கு அகப்பட்டவைகளில் ஒன்று அந்த இங்கிலீஷ் தீர்ப்பு. மறுத்தவர் ஹெச்.ஆர். கன்னா ஒருவரே. அதன் பலனாய்ப் பிரதம நீதிபதி பதவி அவர் கைக்கு வராமல் போயிற்று. அத்தீர்ப்பு தப்பு என்று அதே கோர்ட்டு ஒப்புக்கொள்ள 2017 வரை, 41 வருஷம் பிடித்தது. அடைபட்டவன் வாலிபமும் அடிபட்டவன் உயிரும் அதனால் திரும்பி வருமா?

உங்கள் வாசற்படிக்கு

இப்பொழுது கோபிக்கே வருகின்றேன். 2010-இல் ஆதார் வந்தது. பத்து விரல், இரண்டு கண், ஒரு முகம். சட்டம் ஒன்றும் செய்யாமலேயே ஆறு வருஷம் கோடிக்கணக்கான பேருடைய ரேகையை வாங்கிவிட்டுப் பிறகு 2016-இல்தான், அதுவும் பண மசோதா என்று சொல்லி, ராஜ்ய சபையின் சம்மதம் தேவையில்லாதபடி சட்டம் செய்தார்கள். இஷ்டப்பட்டவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்புறம் காஸ், பாங்கி, கைப்போன், வருமானவரி, பள்ளிக்கூடம், பென்ஷன் என்று ஒவ்வொரு கதவுக்கும் அதையே சாவியாக்கினார்கள். ஒருவனுக்குத் தன் உடம்பின் மேல் முழு உரிமை உண்டு என்பது கற்பனை என்று சர்க்கார் வக்கீல் 2017-இல் சுப்ரீம் கோர்ட்டிலேயே வாதாடினார். அதே வருஷம் ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று ஒருமுகமாய்ச் சொன்னார்கள். 2018 செப்டம்பரில் பாங்கிக் கணக்குக்கும், கைப்போனுக்கும், பள்ளிக்கூடச் சேர்க்கைக்கும் ஆதார் கேட்கக்கூடாது என்றார்கள். ரேஷனுக்கும் வருமானவரிக்கும் கேட்கலாம் என்றார்கள். ஐவரில் சந்திரசூட் ஒருவர் மாத்திரம் சட்டமே செல்லாது என்றார். பணக்காரனுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. ரேஷன் அரிசி வாங்குகிறவன் விரலை எடுக்கவே முடியாது என்று ஆயிற்று.

அந்த விரல்கள் எப்படிப்பட்டவை? மஞ்சள் வேகவைக்கும் கை, நாற்று நடும் கை, செங்கல் சுமக்கும் கை. ரேகை தேய்ந்துதான் போகும். நான் ஒரு கிராமத்து ரேஷன் கடையில் கண்ணால் பார்த்தேன். எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாள் மெஷினில் விரலை வைக்க, மெஷின் மறுக்க, "ஆத்தா, ரேகை உழுகலை, நாளைக்கு வா" என்றார் கடைக்காரர். "எம்பட கைதானுங்க சாமி இது" என்று அந்த அம்மாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஊர் முழுவதற்கும் அவரைத் தெரியும். கடைக்காரருக்கும் தெரியும். மெஷினுக்கு மாத்திரம் தெரியவில்லை. மெஷின் சொன்னதே வேதம்! தன் அரிசியை வாங்க வந்தவர் கடைச் சிப்பந்தியைச் "சாமி" என்று கும்பிட வேண்டியிருக்கிறதே, இதற்குப் பேர் என்ன? ரேகை பதியாவிட்டால் வேறு வழியில் சாமான் கொடுக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. அந்த உத்தரவு இருப்பது அந்த அம்மாளுக்கு யார் சொன்னார்கள்?

"போலிக் கார்டை ஒழிக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் குடோனில் இருந்து லாரியோடு மாயமாகும் மூட்டை எந்தக் கிழவியின் கட்டைவிரலால் மாயமாகின்றது? எடையில் ஒரு கிலோ குறைப்பதை ரேகை மெஷின் தடுக்குமா? பெரிய திருட்டு நடக்கும் இடத்தில் இல்லாத சந்தேகம், சின்ன வயிறு நிற்கும் வரிசையில் ஏன்?

இன்னொருவர், "நான் தப்புச் செய்யவில்லை, எனக்கென்ன பயம்?" என்பார். பெருங்காமநல்லூரில் செத்தவர்கள் என்ன தப்புச் செய்தார்கள்? எது தப்பு என்று தீர்மானிக்கின்ற அதிகாரம் உங்கள் கையில் இல்லாதபோது, நான் தப்புச் செய்யவில்லை என்பதில் என்ன தைரியம் இருக்கிறது?

1920-இல், பெருங்காமநல்லூரில் சுட்ட அதே வருஷத்தில், கைதிகளின் அடையாளச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். ரேகையும், காலடியும், போட்டோவும் எடுக்கலாம் என்றது அது. 2022-இல் அதை எடுத்துவிட்டு நம்முடைய சொந்த பார்லிமெண்டு புதுச் சட்டம் செய்தது. வெள்ளைக்காரன் சட்டத்தை ஒழித்துவிட்டோம் என்று பெருமையும் அடித்துக் கொண்டார்கள். ஒழித்துவிட்டு என்ன செய்தார்கள்? கண்பாவை, ரத்தம், கையெழுத்து வரையில் எடுக்கலாம், 75 வருஷம் வைத்திருக்கலாம் என்றார்கள். தண்டிக்கப்பட்டவனிடம் மாத்திரமா? கைது செய்யப்பட்டவனிடமும்தான். ஒரு கள்ளுக்கடை மறியலிலோ, மஞ்சள் விலைக்காக ரோட்டு மறியலிலோ நாளை நீங்கள் கைதாகலாம். விடுதலையோ கேஸ் தள்ளுபடியோ ஆனவன் அடையாளத்தை அழிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும், மாஜிஸ்திரேட்டு காரணம் எழுதினால் வைத்துக் கொள்ளலாம் என்றும் அதிலேயே இருக்கிறது.

பிறகு 2023-இல் உங்கள் விவரங்களைக் காப்பாற்றுவதற்காக என்று ஒரு சட்டம் வந்தது. சர்க்கார் தன் இலாகாக்களில் எதற்கு வேண்டுமானாலும் அதில் இருந்து விலக்குக் கொடுத்துக் கொள்ளலாம். போதாததற்கு, சர்க்காரைக் கேள்வி கேட்க நமக்கிருந்த தகவல் உரிமைச் சட்டத்தையும் அதைக்கொண்டே திருத்தி, சொந்த விவரம் என்ற பேரால் உத்தியோகஸ்தர்கள் சங்கதியை மூடி வைக்க வசதி செய்துகொண்டார்கள். ஆகவே நம் வீடு கண்ணாடி, அவர்கள் வீடு கருங்கல்.

(பேச்சு முடிந்தபின் கேட்கப்பட்ட கேள்விகளும் பதிலும்)

ஒரு தோழர்: அப்படியானால் கார்டைக் கிழித்து எறிந்துவிடலாமா?

பதில்: எனக்குச் சம்பளம் வருகிறது, நான் எறியலாம். கூலிக்காரனைப் பார்த்து "கொள்கைக்காக நீ பட்டினி கிட" என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கோர்ட்டு வேண்டாம் என்று சொன்ன இடத்தில் கேட்டால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அப்போதே விட்டுவிடுவார்கள்.

இன்னொரு தோழர்: இங்கிலாந்தில் ஒருவர் மறுத்தார், சட்டம் போயிற்று. நம் ஜனங்களுக்கு அந்தத் தைரியம் உண்டா?

பதில்: வில்காக் மறுத்தது 1950-இல். பெருங்காமநல்லூரார் மறுத்தது 1920-இல். அவருக்குத் தண்டனையில்லாத தீர்ப்புக் கிடைத்தது. இவர்களுக்குக் குண்டு கிடைத்தது. தைரியத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அவருக்குப் பின்னால் அவருடைய அண்டை வீட்டுக்காரர்கள் நின்றார்கள், இவர்களுக்குப் பின்னால் அடுத்த ஜாதிக்காரன் நிற்கவில்லை.

மூன்றாவது தோழர்: அந்தக் கிழவி சங்கதிக்கு நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் ஊர்க் கடையில் மாதம் எத்தனை பேருக்கு ரேகை பதியவில்லை, அவர்களில் எத்தனை பேருக்கு வேறு வழியில் சாமான் கொடுத்தார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று வட்ட வழங்கல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். பேர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை மாத்திரம் கேளுங்கள். எண்ணிக்கை யாருடைய சொந்த விவரமும் ஆகாது, மறுக்க முடியாது. 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு. 30 நாளில் பதில் வரவேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு இந்தக் கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பக்கத்திலேயே எழுதிக் கொடுக்கின்றோம்; கடை எண்ணை மாத்திரம் சொல்லுங்கள்.